வயிறு நிறைந்தும் தீராத பசி

வயிறு நிறைதலும் பசி தீர்தலும் ஒன்றே என்று நாம் பொதுவாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். இரைப்பை என்பது ஒரு பை. பை நிறைந்துவிட்டால் பசி அடங்கவேண்டியதுதானே என்பது நம் எண்ணம். ஆனால் வயிறு கொள்ளாத அளவு உண்டும், உண்டு கை கழுவுமுன்பே மீண்டும் பசித்து, அந்தப் பசி தீராமலே மெலிந்து நோயுற்ற மனிதர் உண்டு. அவர்கள் உண்டது சத்தற்ற சக்கையன்று, நல்ல இறைச்சியே. அந்த இறைச்சியில் இல்லாமற்போனது ஒன்றே ஒன்று. அதுதான் கொழுப்பு. கொழுப்புக்கும் பசிக்கும் உள்ள தொடர்பை மனிதர் எங்கெங்கே, எவ்வாறு, என்ன விலை கொடுத்துக் கற்றுக்கொண்டனர் என்பதே நான் இன்று உங்களுக்குச் சொல்லப்புகும் வரலாறு.

இவ்வரலாற்றை அறிய நாம் மூன்று நிலப்பகுதிகளுக்குச் செல்லவேண்டும். ஒன்று தென் அமெரிக்காவின் புல்வெளி. மற்றொன்று கனடாவின் வடபகுதி. மூன்றாவது, தென் துருவத்தைச் சூழ்ந்த பனிக்கண்டம். இம்மூன்றையும் நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சோறும் குழம்பும், பருப்பும் காயும், நெய்யும் மோருமாகக் கலந்து உண்பவர்க்கு, தம் பசியைத் தீர்த்தது இவற்றுள் எது என்று பிரித்தறிவது கடினம். ஓரிரு பண்டங்களையே உண்டு, கடுமையாக உழைத்து, மாதக்கணக்கில் வாழ்ந்தவர்களிடம் அவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

முதலில் தென் அமெரிக்காவுக்குச் செல்வோம். 1833-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சார்லஸ் டார்வின் என்னும் இளைஞர், இன்று அர்ஜென்டினா எனப்படும் நாட்டின் பம்பாஸ் புல்வெளியைக் குதிரை மீது கடந்துகொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 24. பிற்காலத்தில் உயிரினங்களின் தோற்றம் பற்றி அவர் எழுதிய நூலால் உலகமே அவரை அறிந்தது. வழிநெடுக அவருக்குக் கிடைத்த உணவு இறைச்சி ஒன்றே. சில நாள் அதை உண்ட அளவில், கடுமையாக உழைப்பவனுக்குத்தான் இவ்வுணவு ஒத்துவரும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அவருக்குத் துணையாக வந்த ‘கௌச்சோ’ எனப்படும் மாட்டிடையர்களோ மாதக்கணக்கில் மாட்டிறைச்சியையன்றி வேறொன்றையும் தொடாதவர்கள். இது எப்படி இயலும் என்று டார்வின் உற்று நோக்கினார். அவர்கள் இறைச்சியோடு மிகுதியான கொழுப்பையும் உண்பதையும், கொழுப்பற்ற உலர்ந்த இறைச்சியை வெறுத்து ஒதுக்குவதையும் கண்டார். இவ்வாறு உண்பவர்கள் நெடுநேரம் உணவின்றியே இருக்க வல்லவர்கள் என்பதையும் தம் குறிப்பில் எழுதிவைத்தார்.

அதே இடத்தில் அவர் வேறோர் ஆராய்ச்சியாளரையும் நினைவுகூர்கிறார். அவர் பெயர் ஜான் ரிச்சர்ட்சன். ஜான் பிராங்க்ளின் என்னும் கடற்படைத் தலைவர் 1819 முதல் 1822 வரை கனடாவின் வடகரையை ஆராயச் சென்றபோது, ரிச்சர்ட்சன் மருத்துவராகவும் இயற்கை நூலறிஞராகவும் உடன் சென்றவர். 1821-ஆம் ஆண்டில் அக்குழுவினர் திரும்பி வரும் வழியில் உணவு முற்றும் தீர்ந்துபோயிற்று. பாறையில் படர்ந்த பாசியினத்தையும் பழைய தோற்செருப்பையும் வேகவைத்து உண்டனர். 20 பேரில் 11 பேர் உயிரிழந்தனர். பசி இன்னதென்று நேரில் கண்டவர் ரிச்சர்ட்சன் என்பதில் ஐயமில்லை. கொழுப்பற்ற இறைச்சியையே நெடுநாள் உண்டு வந்தவர்களுக்குக் கொழுப்பின் மேல் அடங்காத வேட்கை எழுகிறது என்றும், அப்போது தனிக்கொழுப்பைக் கூடக் குமட்டலின்றி மிகுதியாக அவர்களால் உண்ண முடிகிறது என்றும் அவர் எழுதினார். ஒருவர் வெப்பமான புல்வெளியில் கண்டதையே மற்றொருவர் உறைபனி நிலத்திலும் கண்டார் என்பது கருதத்தக்கது. ஆதலின் இவ்வேட்கை குளிரினால் மட்டும் பிறந்தது என்று சொல்வதற்கில்லை.

ரிச்சர்ட்சன் சென்ற அவ்வட நாட்டிலேயே, ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே, இவ்வுண்மையை அறிந்து அதற்கேற்ற உணவும் செய்துகொண்டிருந்தனர் அந்நாட்டுப் பழங்குடி மக்கள். காட்டெருமையின் இறைச்சியை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, வெயிலிலோ நெருப்பருகிலோ உலர்த்தி, பொடியாகும்வரை இடித்து, உருக்கிய கொழுப்பை அதில் ஏறக்குறையச் சமனிடை வார்த்துப் பிசைவார்கள். சில வேளைகளில் காட்டுப் பழங்களையும் சேர்ப்பதுண்டு. எருமைத் தோலாலான பையில் இதனை அடைத்துத் தைத்துவிட்டால் பல மாதம் கெடாமல் இருக்கும். இதற்குப் பெம்மிக்கன் என்று பெயர். இது கிரீ இனத்தாரின் மொழியிலிருந்து வந்த சொல். அதன் வேர்ச்சொல்லாகிய ‘பிமி’ என்பதற்குக் கொழுப்பு என்பதே பொருள். இறைச்சியாலும் கொழுப்பாலும் ஆன பண்டத்துக்கு அம்மக்கள் கொழுப்பை வைத்தே பெயர் சூட்டினர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய வணிகர் மென்மயிர்த் தோல் வாங்குவதற்காகக் கனடாவின் உட்பகுதிக்குச் சென்றனர். ஆறுகளும் ஏரிகளுமே அவர்களுக்குப் பாதை; மரப்பட்டையாலான ஓடமே வாகனம். கோடையோ மிகக் குறுகியது. பனி உறையத் தொடங்குமுன் போய்த் திரும்பவேண்டும். நாள் முழுவதும் துடுப்பு வலிப்பவனுக்கு இடையில் நின்று வேட்டையாட ஓய்வேது? புதிய இறைச்சியாயின் ஒருவனுக்கு நாளொன்றுக்கு எட்டுப் பவுண்டு அளந்தனர். பெம்மிக்கனாயின் ஒன்றரை அல்லது இரண்டு பவுண்டே போதியதாக இருந்தது. நீர் வற்றியதால் எடை குறைந்தது ஒரு பாதிக் காரணம். கொழுப்புச் சேர்ந்ததால் வலிமை கூடியது மறுபாதி. 90 பவுண்டு எடையுள்ள பெம்மிக்கன் பைகள் அவ்வாணிபத்தின் அச்சாணியாயின. 1793-ஆம் ஆண்டில் கண்டத்தைக் குறுக்கே கடந்து பசிபிக் கடலை அடைந்த அலெக்சாண்டர் மக்கென்சி, திரும்பும் வழிக்கென்று பெம்மிக்கனை மண்ணில் புதைத்து வைத்துச் சென்றார்.

உயிர் காக்கும் பண்டம் என்றால் அதன்பொருட்டுப் போரும் எழுமன்றோ? 1814-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், சிவப்பாற்றங்கரையில் செல்கர்க் பிரபு அமைத்த புதுக்குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மக்டொனல் ஓர் ஆணை பிறப்பித்தார். அங்கு வந்து குடியேறியவர்களே உணவின்றி வாடுவதால், பெம்மிக்கன் முதலிய உணவுப் பொருள்களை ஓராண்டுக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது என்பது அவ்வாணை. வடமேற்குக் கம்பெனியின் ஓடக்காரர்களுக்கோ அதுவே வழியுணவு. பெம்மிக்கனைச் செய்து விற்று வாழ்ந்த மேட்டி இனத்தாருக்கு அதுவே பிழைப்பு. பழங்குடித் தாயருக்கும் ஐரோப்பியத் தந்தையருக்கும் பிறந்த மரபினர் இவர்கள். பூசல் வளர்ந்தது. 1816-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள், பெம்மிக்கனைக் கொண்டுசென்ற மேட்டிக் குழு ஒன்றைப் புதிய ஆளுநர் ராபர்ட் செம்பிள் செவன் ஓக்ஸ் என்னும் இடத்தில் எதிர்கொண்டார். சிறிது நேரத்துக்குள் செம்பிளும் அவருடைய ஆட்களில் 20 பேரும் மாண்டனர். எதிர்த்தரப்பில் ஒருவர் இறந்தார். 1821-ஆம் ஆண்டில் வடமேற்குக் கம்பெனி தன் போட்டியாளரான ஹட்சன் விரிகுடாக் கம்பெனியோடு இணைந்த பிறகே அமைதி திரும்பிற்று. நிலவுரிமை, வாணிபப் போட்டி ஆகியவையும் இப்பூசலுக்குக் காரணங்களே. எனினும் அதன் நடுவே இருந்தது, கொழுப்பு வார்த்த இறைச்சிப் பை என்பதை மறக்கலாகாது.

இப்பெம்மிக்கனே பின்னர்த் துருவப் பயணிகளின் உணவாயிற்று. இனி நாம் தென் துருவத்துக்குச் செல்லலாம். 1911-ஆம் ஆண்டில் கேப்டன் ஸ்காட்டின் குழுவினர் அண்டார்க்டிகாவில் எவன்ஸ் முனையில் தங்கியிருந்தனர். துருவப் பயணத்துக்கு எத்தகைய உணவு ஏற்றது என்று முன்கூட்டியே அறிய விரும்பினர். அவ்வாண்டு ஜூன் 27-ஆம் நாள் வில்சன், பவர்ஸ், செரி-காரர்ட் ஆகிய மூவர், எம்பரர் பெங்குவின் பறவையின் முட்டைகளைத் தேடிக் குரோசியர் முனைக்குப் புறப்பட்டனர். தென் துருவப் பகுதிக்கு அது நள்ளிரவு போன்ற குளிர்காலம்; சூரியனே தோன்றாது. அப்பயணத்தையே உணவு ஆராய்ச்சிக்கும் அவர்கள் பயன்படுத்திக்கொண்டனர். மூவரும் பெம்மிக்கன், பிஸ்கோத்து, வெண்ணெய் ஆகிய மூன்றையே கொண்டுசென்றனர். ஆனால் வில்சனுக்கு வெண்ணெய் மிகுதி. பவர்ஸுக்குப் பெம்மிக்கன் மிகுதி. செரி-காரர்டுக்குப் பிஸ்கோத்து மிகுதி. கொழுப்பு, புரதம், மாவுப்பொருள் ஆகியவற்றை இங்ஙனம் மூவர் உடலில் நிறுத்துப் பார்த்தனர்.

குளிர் பாரன்ஹீட் அளவையில் பூச்சியத்துக்குக் கீழ் 77 பாகைக்கும் அப்பால் இறங்கிய பயணம் அது. சில நாளிலேயே பிஸ்கோத்து மிகுதியாக உண்டவருக்குப் பசி அடங்கவில்லை. நெஞ்சுக் கரிப்பும் குளிரும் வாட்டின. வெண்ணெய் மிகுதியாகப் பெற்றவராலோ அவ்வளவையும் உண்ண முடியவில்லை. ஆகவே, தம் பிஸ்கோத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து வெண்ணெயில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டார் செரி-காரர்ட். எவ்வளவு வேண்டும் என்பதை அறிஞர்களின் கணக்கு தீர்மானிக்கவில்லை. இருவர் பசியும் சந்தித்த இடத்தில் அது தீர்மானமாயிற்று. இதன் பயனாக, துருவ மேட்டுநிலப் பயணத்துக்கு ஒருவனுக்கு நாளொன்றுக்குப் பிஸ்கோத்து 16 அவுன்ஸ், பெம்மிக்கன் 12 அவுன்ஸ், வெண்ணெய் 2 அவுன்ஸ், அவற்றோடு சிறிது சர்க்கரையும் கோக்கோவும் தேயிலையும் என வகுத்தனர். ஆனால் சறுக்குவண்டியைத் தாமே இழுத்துச் செல்வோருக்கு இதுவும் போதாது. துருவத்தை அடைந்து திரும்பிய ஸ்காட் முதலிய ஐவரும் 1912-ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவுக்குள் வழியிலேயே மாண்டனர். குளிரும், புண்ணும், நோயும் அவர்களை வருத்தின என்பது உண்மையே. அவற்றோடு, தாங்கள் செலவிட்ட ஆற்றலுக்கு ஈடாக உண்ணவில்லை என்பதும் பிற்கால ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு.

இதுகாறும் நான் சொன்னவை பயணிகளின் அனுபவங்கள். இவற்றை மருத்துவர்கள் ஒரு மருத்துவமனைக்குள் கொண்டுவந்து சோதித்தது 1928-ஆம் ஆண்டில்தான். அதற்குக் காரணமானவர் வில்ஹ்யால்மர் ஸ்டெபான்சன். ஐஸ்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குக் கனடாவில் 1879-ஆம் ஆண்டில் பிறந்தவர் இவர். வடதுருவப் பகுதியில் இன்யூட் மக்களோடு வாழ்ந்து, மீனையும் இறைச்சியையும் மட்டுமே உண்டு பல காலம் கழித்தவர். ‘முயல் பட்டினி’ என்று வடநாட்டார் வழங்கும் ஒரு விந்தையான நோயை அவர் விளக்கியிருக்கிறார். குளிர்காலத்தில் வேறு விலங்கு கிடைக்காமல் முயலை மட்டுமே உண்பவன், நாளுக்கு நாள் மிகுதியாக உண்கிறான். ஒரு வாரத்தில் முன்பு உண்டதைப் போல் மூன்று நான்கு மடங்கு உண்கிறான். வயிறு உப்புகிறது, பசி மட்டும் தீர்வதில்லை. பின்னர் வயிற்றுப்போக்கும் சோர்வும் தொடங்குகின்றன. முயலிறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. சிறிது கொழுப்புக் கிடைத்துவிட்டால் நோய் நீங்கிவிடும். கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இறைச்சியை மட்டுமே உண்டு ஒருவர் நலமாக வாழ முடியும் என்று அவர் சொன்னபோது மருத்துவர் பலர் நம்பவில்லை. ஆகவே அவரும், அவரோடு வடதுருவப் பயணம் செய்த கார்ஸ்டன் ஆண்டர்சனும் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் சோதனைக்கு உட்பட்டனர். யூஜீன் டுபாய்ஸ் என்னும் மருத்துவ அறிஞரின் மேற்பார்வையில் அது நடைபெற்றது. தொடக்கத்தில் ஸ்டெபான்சனுக்குக் கொழுப்பு நீக்கிய இறைச்சியையே கொடுத்தனர். வடதுருவத்தில் பல நாள் கழித்துத் தோன்றிய நோய் இங்கே மூன்றாம் நாளிலேயே தோன்றிவிட்டது. கொழுப்புள்ள இறைச்சியைக் கொடுத்தவுடன் அது மறைந்தது. அதன்பின் இருவரும் ஓராண்டுக்காலம் அவ்வகை உணவிலேயே இருந்தனர். நாளொன்றுக்கு அவர்கள் உண்ட புரதம் 100 முதல் 140 கிராம். கொழுப்பு 200 முதல் 300 கிராம். மொத்த ஆற்றல் 2,000 முதல் 3,100 கலோரி வரை. முயலை உண்டவனைப் போல் அவர்கள் மேலும் மேலும் உண்ணவில்லை. ஆண்டு முடிவில் இருவரும் நலமாகவே இருந்தனர். இதன் முடிவுகள் 1930-ஆம் ஆண்டில் வெளிவந்தன.

இதற்குக் காரணம் யாது? ஒரு கிராம் புரதமோ மாவுப்பொருளோ ஏறக்குறைய 4 கலோரி ஆற்றல் தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். கொழுப்பின்றி இறைச்சியை மட்டும் உண்பவன் தனக்கு வேண்டிய ஆற்றல் முழுவதையும் புரதத்திலிருந்தே பெறவேண்டும். புரதத்தை எரிக்கும்போது எஞ்சும் நைட்ரஜனை ஈரல் யூரியாவாக மாற்றி வெளியேற்ற உதவுகிறது. ஆனால் ஈரலின் அவ்வாற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு மேல் உண்ட இறைச்சி அவனுக்குச் சுமையாகிறதேயன்றி உணவாவதில்லை. அடுப்பில் விறகு நிறைந்திருக்கிறது, ஆனால் எரியவில்லை. ஆகையால் உடல் பசி பசி என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறது.

வேறொரு காரணமும் உண்டு. கொழுப்புள்ள உணவு இரைப்பையை விட்டு மெல்லவே வெளியேறுகிறது. ஈவால்டு, போவாஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இருவர், மாவுக் கூழோடு ஆலிவ் எண்ணெய் சேர்த்தால் அது இரைப்பையில் நெடுநேரம் தங்குவதை 1886-ஆம் ஆண்டிலேயே கண்டனர். பெல்வியூ சோதனை தொடங்கிய அதே 1928-ஆம் ஆண்டில், ஐவி, ஓல்ட்பெர்க் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் கோலிசிஸ்டோகைனின் என்னும் சுரப்பைக் கண்டறிந்தனர். கொழுப்பு சிறுகுடலை அடையும்போது குடற்சுவரிலிருந்து வெளிப்பட்டு, பித்தப்பையைச் சுருங்கச் செய்வது அது. அதே சுரப்பு எலிகள் உண்ணும் உணவைக் குறைக்கிறது என்பதை 1973-ஆம் ஆண்டில் கிப்ஸ், யங், ஸ்மித் ஆகிய மூவரும் மெய்ப்பித்தனர். போதும் என்ற சொல்லை மூளைக்கு எடுத்துச்செல்லும் தூதர்களுள் ஒன்று குடலிலேயே இருக்கிறது என்பது அப்போது தெளிவாயிற்று. டார்வினின் மாட்டிடையர்கள் நெடுநேரம் பசியாதிருந்ததன் மருமத்தில் ஒரு பகுதி இவ்வாறு, ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, விளங்கிற்று.

மாணவ நண்பர்களே, இதுவரை கேட்டவற்றிலிருந்து கொழுப்பை மிகுதியாக உண்டால் பசி நீங்கும் என்று முடிவுகட்டிவிட வேண்டா. வரலாற்றிலிருந்து பாடம் கற்பவன், அப்பாடம் எந்தச் சூழலில் பிறந்தது என்பதையும் சேர்த்தே கற்கவேண்டும். பெல்வியூவில் சோதிக்கப்பட்டோர் இருவரே, காலமும் ஓராண்டே, அதற்குப் பொருளுதவி செய்தவர்களும் அமெரிக்க இறைச்சி வணிகரே. விலங்குக் கொழுப்பை மிகுதியாக உண்டால் குருதியில் கொலஸ்டிரால் கூடி இதயநோய்க்கு இடமாகும் என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

1995-ஆம் ஆண்டில் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சுசன்னா ஹோல்ட் முதலியோர் வேறொரு சோதனை செய்தனர். 38 வகை உணவுகளை, ஒவ்வொன்றும் 240 கலோரி தருமாறு அளந்து கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் உண்டவர்களின் பசியைக் கேட்டறிந்தனர். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று மதிப்பிட்டால், அவித்த உருளைக்கிழங்குக்கு 323 வந்தது. வெண்ணெய் மிகுந்த குரோசான் என்னும் ரொட்டிக்கு 47 மட்டுமே வந்தது. நீரும் நாரும் புரதமும் மிகுந்த உணவுகள் முன்னே நின்றன. கொழுப்பு மிகுந்தவை பின்னே நின்றன. இரண்டு மணி நேரத்தில் கொழுப்பின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் குரோசான் போன்ற பண்டம் அளவில் சிறியது, நாவுக்கு இனியது. வயிறு உணர்வதற்குள் கலோரி கணக்கின்றி உள்ளே சென்றுவிடும்.

அப்படியாயின் மாட்டிடையரின் அனுபவம் பொய்யா? அன்று. கௌச்சோவுக்கும் கனடாவின் ஓடக்காரனுக்கும் இறைச்சி, அதாவது புரதம், வேண்டிய மட்டும் இருந்தது, குறைந்திருந்தது கொழுப்பு. ஆதலால் அவர்கள் பசி கொழுப்பைக் கேட்டது. அதைப் பெற்றதும் தணிந்தது. நகரத்தில் பெட்டியிலடைத்த பலகாரத்தையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தின்றுகொண்டு, மணிக்கொருமுறை பசிக்கிறது என்பவனுக்கு எது குறைவு? பெரும்பாலும் கொழுப்பன்று. பருப்பும் பயறும் காயும் கீரையும் அவன் தட்டில் இல்லாதிருக்கலாம். உழைப்பே இல்லாதவனுக்குத் துருவப் பயணியின் வெண்ணெயும் தேவையில்லை. அத்துருவப் பயணிக்குக்கூட அது முழுமையான காப்பாகவில்லை. 1992-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பையன்ஸ், ஸ்ட்ரௌட் என்னும் இருவர், வண்டியைத் தாமே இழுத்துக்கொண்டு 95 நாள் அண்டார்க்டிகாவில் நடந்தனர். நாளொன்றுக்கு 5,000 கலோரிக்கு மேல், அதில் பாதிக்கு மேல் கொழுப்பாக உண்டும், ஒவ்வொருவரும் 20 கிலோவுக்கு மேல் மெலிந்தனர். கொழுப்பு பசியைத் தாமதப்படுத்தும். உடல் செலவிட்ட ஆற்றலின் கடனை அதனால் தள்ளுபடி செய்ய இயலாது.

கிரீ மக்களும் மேட்டி மக்களும் புரதம், கலோரி என்னும் சொற்களை அறியார். ஆயினும் இடித்த இறைச்சியில் எவ்வளவு கொழுப்பு வார்க்கவேண்டும் என்பதை அறிந்திருந்தனர். தம் பசி எதைக் கேட்கிறது என்பதைப் பல தலைமுறையாகக் கவனித்துக் கற்ற அறிவு அது. பசி வந்தபோது கைக்கு எட்டியதை வாயில் போடுமுன், இன்று நாம் உண்டவற்றில் எது இல்லாமற்போயிற்று என்று ஒருகணம் எண்ணிப்பார்த்தால், அவ்வறிவில் ஒரு சிறு பங்கு நமக்கும் கிட்டும் என்பது என் எண்ணம்.